உபகாரிக்கு அனுப்பிய படம்

உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டு, ரோல் முடிந்து, அது மதுரைக்குப் போய்க் கழுவி வரும்வரை பத்து நாள் பொறுத்திருந்தவர்கள் நீங்கள். அதனால் பலவற்றை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அம்மாவைத்தான் விளக்க வேண்டும். அதற்கு இத்தனை வருடமாகியும் எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம், நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்கு மேற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முப்பது வீடும் ஒரு சிறிய மாதா கோயிலும். அப்பாவுக்கு மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் இறங்கி வருவார். அவர் பையைத் திறந்தால் வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும், ஆனால் பையில் ஒரு ஏலக்காய்கூட இருக்காது. அம்மா திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்துக்கும் பழம் வெட்டுக்கும் போவாள். நான் தேனிக்கு அந்தப் பக்கம் கன்னியர் நடத்திய ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன்.

அந்தப் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்தவர் கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருந்த கிழவர். விடுதியில் அப்படிப்பட்டவர்களை உபகாரி என்போம். பிள்ளைக்கு ஓர் உபகாரி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னும் உபகாரிக்கு ஒரு கடிதமும் ஒரு படமும் போக வேண்டும். கடிதத்தைப் பொறுப்பு சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நான் நலம், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று மூன்றே வரி. எல்லோரும் அதையே பார்த்து எழுதுவோம். அவர் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவார். படத்தையும் அவரே எடுப்பார். சமையல்கட்டுச் சுவருக்கு முன்னால், கையில் வரிசை எண் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிலேட்டின் மரச்சட்டம் ஒரு மூலையில் விட்டிருந்தது. அதை நெஞ்சோடு அழுத்தினால்தான் நிற்கும். மூன்று வருடப் படங்களிலும் நான் அதை அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் படங்களில் ஒன்றை, பெற்றோர் பார்க்க வரும் ஒரு ஞாயிறன்று அம்மா பார்த்துவிட்டாள். அடுத்தமுறை வந்தபோது சொன்னாள்.

"களவாணியப் பிடிச்சு ஸ்டேஷன்ல நிறுத்தி வச்ச மாதிரில்ல இருக்கு. இதப் பாத்தா அந்த மனுசன் என்ன நெனப்பாக? இந்தப் பிள்ளையப் பெத்தவ ஒருத்தி இருக்காளா, இல்லையான்னு நெனக்க மாட்டாக?"

பெற்றவள் இருக்கிற பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே சிலேட்டுதான் என்று எடுத்துச் சொன்னேன். அவளுக்குக் காது கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அம்மாவுக்குக் கேட்காது. இன்றும் அப்படித்தான்.

அந்த வருடம் பார்த்து விடுதிக் கேமரா பழுதாகிவிட்டது. காலாண்டு விடுமுறைக்குப் போகும் பிள்ளைகள் அவரவர் ஊரில் ஒரு முழு உருவப் படம் எடுத்து வர வேண்டும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். அதை நான் வீட்டில் சொன்ன நிமிடத்திலிருந்து எல்லாம் என் கையை விட்டுப் போயிற்று.

பக்கத்து வீட்டில் டீச்சரம்மா இருந்தார். எங்கள் தெருவில் பீரோ வைத்திருந்த ஒரே ஆள். அவர் பீரோவிலிருந்து ஒரு இரட்டை வடச் சங்கிலி வந்தது. அவர் மகளின் மாம்பழ நிறப் பட்டுப் பாவாடையும் சட்டையும் வந்தன. அந்த அக்காவின் கறுப்பு ஷூவும் வந்தது. எனக்கு இரண்டு அளவு பெரியது. முன்பக்கம் அம்மா பழந்துணியை அடைத்தாள். நடந்தால் யாரோ பின்னால் வருவது போலச் சத்தம் கேட்டது. சங்கிலியை ஒரு கர்சீப்பில் முடிந்து, அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சின்னமனூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் நெஞ்சில் வைத்த கையை அம்மா எடுக்கவில்லை. கண்டக்டர், நெஞ்சுவலியா என்று கேட்டார்.

ஸ்டூடியோ பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. உள்ளே பவுடர் மணமும் சூடேறிய விளக்கின் மணமும். சுவரில் படம் வரைந்த இரண்டு சீலைகள் தொங்கின. ஒன்றில் ஏரியும் அன்னமும். இன்னொன்றில் சிவப்புக் கம்பளம் விரித்த பெரிய மாடிப்படி, மேலே கண்ணாடிச் சர விளக்கு. அம்மா யோசிக்கவே இல்லை. மாடிப்படியைக் காட்டினாள். ஸ்டூடியோக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் சிவப்பு டெலிபோன் ஒன்றை வைத்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து என் மணிக்கட்டில் கட்டினார். அது பத்து பத்தில் நின்றிருந்தது. நான் சொன்னேன். படத்தில் ஓடாது பாப்பா, என்றார்.

ரிசீவரைக் காதில் வைத்து யாருடனாவது பேசுவது போல நிற்கச் சொன்னார். யாருடன் என்று கேட்டேன்.

"உனக்குப் பிடிச்சவுக யாருகூடவாச்சும்."

"எனக்குத் தெரிஞ்ச யாரு வீட்டுலயும் போன் இல்லையே."

"வாய மூடிட்டு நில்லு ஆத்தா," என்றாள் அம்மா. வாயை மூடிக்கொண்டு போனில் பேசுவது எப்படி என்று இருவரும் சொல்லித் தரவில்லை. படத்தில் என் முகம் அப்படித்தான் விழுந்தது. பாதி திறந்த வாயும், எதிர்முனையில் யாரும் இல்லை என்று தெரிந்த கண்ணும். அம்மா அதைப் பார்த்து, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஒரு சலிப்பு இருக்கும் என்றாள்.

படம் வந்தபோது இன்னொன்றும் கவனித்தேன். என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. ஐந்து வயதில் திராட்சைப் பந்தலின் கம்பி கிழித்தது. படத்தில் அதைக் காணோம். ஸ்டூடியோக்காரர் தூரிகை நுனியால் அதன்மேல் நிறம் வைத்து மூடியிருந்தார். நாம் கேட்கவில்லையே என்றேன். கேக்காமலே செஞ்சு குடுத்திருக்காக, நல்ல மனுசன், என்றாள் அம்மா.

இந்த இடத்தில் சிஸ்டர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அவர் அந்த வாரம் தியானத்துக்குப் போயிருந்தார். கவர்களை ஒட்டியது பத்தாம் வகுப்பு அக்காக்கள். என் படத்தை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, ஆகா ஓகோ என்று சொல்லி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

தவக்காலத்தின்போது பதில் வந்தது. சிஸ்டர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அன்றிரவே அதை நோட்டில் எழுதி வைத்தேன். விடுதியில் கழித்துப் போட்ட பழைய டைரி அது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துத் திருத்தி எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்தப் பக்கத்தில் உபகாரி சொல்வதாக இருப்பது இவ்வளவுதான்: உன்னைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தேன். உன் குடும்பம் இவ்வளவு முன்னேறியதற்கு ஆண்டவருக்கு நன்றி. உங்கள் வீட்டு மாடிப்படி எங்கள் ஊர் நகரசபை மாடிப்படியைவிட அகலமாக இருக்கிறது. என் வீட்டில் மாடி இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, ஒரு பிள்ளைக்குத்தான் உதவ முடியும். இனி அதை உண்மையில் தேவைப்படும் ஒரு பிள்ளைக்குச் செய்வதுதான் நியாயம் என்று நீயும் நினைப்பாய்.

சிஸ்டர் கடிதத்தை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் வீட்டு மாடிப்படி அது?"

"ஸ்டூடியோ சிஸ்டர்."

"ஸ்டூடியோவுல அவ்வளவு பெரிய மாடிப்படியா?"

"சீலை சிஸ்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேறு உபகாரி கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் என்னை வைத்துக்கொள்ள முடியாது, கிடைப்பதும் லேசில்லை என்றார். ஒரே வழி, அந்தக் கிழவருக்கு உண்மையை எழுதி, உண்மையான படம் ஒன்றை வைத்து அனுப்புவது. ஈஸ்டர் விடுமுறையில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வரும்போது தாமே வந்து படம் எடுப்பதாகச் சொன்னார். கேமரா சரியாகியிருந்தது.

சொன்னபடி வந்தார். விடுதி ஜீப்பில், டிரைவரோடு. அதற்குள் அம்மா தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தாள். ஈஸ்டருக்கு எப்போதும் வெள்ளை அடிப்பதுதான். இந்தமுறை சுண்ணாம்பில் நீலத்தைக் கூடுதலாகக் கலந்து முன்சுவர் முழுக்க இரண்டு கை அடித்திருந்தாள். வாசலில் கோலமாவில் பெரிய சிலுவை. ஓட்டின்மேல் இருந்த சுரைக்கொடிகூடக் கழுவிவிட்டது போல இருந்தது. சிஸ்டர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார், இறக்குவார், இரண்டடி தள்ளி நின்று மறுபடி பார்ப்பார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எங்கள் வீடு சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் அவர் தெருக்கோடியைக் காட்டினார். அங்கே வேறொருவருடைய மாட்டுக் கொட்டம். கூரை ஒரு பக்கம் சரிந்து, சுவரில் வரட்டி தட்டியிருந்தது. என்னை அங்கே நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொன்னார். ஜடையை அவிழ்க்கச் சொன்னார். நான் அவிழ்த்தேன். பின்னாலேயே வந்து நின்ற அம்மா, மேல் பட்டனைக் கழற்றிவிடச் சொன்னபோது முன்னால் வந்தாள்.

"சிஸ்டர், இது எங்க வீடு இல்லைங்க."

"எனக்குத் தெரியும்மா. ஆனா அவருக்குப் புரியணுமே."

"அந்த மாடிப்படியும் எங்க வீடு இல்ல. இந்தக் கொட்டமும் எங்க வீடு இல்ல. எங்க வீடு இந்தா அங்கன இருக்கு. எடுக்கிறதா இருந்தா அதுக்கு முன்னாடி நிறுத்தி எடுங்க."

அந்த ஒரு நிமிடம் அம்மாவைப் பற்றி எனக்கிருந்த எல்லாப் புகாரையும் அடித்துவிடத் தயாராக இருந்தேன். ஜடையைப் பின்னிக்கொண்டு நீலச் சுவருக்கு முன்னால் வந்து நின்றேன். சிஸ்டரும் மறுக்கவில்லை, இரண்டு படம் எடுத்தார். இதை வைத்து அந்தக் கிழவருக்கு எதையும் புரிய வைக்க முடியாது, கடிதம்தான் புரிய வைக்க வேண்டும் என்றார். என்னையே எழுதச் சொன்னார். அடியில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அவர் டீச்சரம்மா வீட்டில் காப்பி குடித்து வருவதற்குள் நான் எழுதி முடித்தேன்.

அந்த ஸ்டூடியோ படம் இப்போது எங்கும் இல்லை. எங்கள் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் நான் எழுதிய தாள் டைரியிலேயே இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள உபகாரி அவர்களுக்கு. படத்தில் உள்ள மாடிப்படி துணியில் வரைந்தது. டெலிபோனுக்கு வயர் இல்லை. கைக்கடிகாரம் ஸ்டூடியோவுடையது, ஓடாது. பாவாடை சட்டை பக்கத்து வீட்டு அக்காவுடையது. ஷூவும் அவருடையது, உள்ளே துணி அடைத்திருந்தது. கழுத்தில் உள்ள சங்கிலி அவருடைய அம்மாவுடையது. என் புருவத்தில் தழும்பு இருக்கிறது, படத்தில் அழித்துவிட்டார்கள். மீதி நான்."

அம்மா வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மாடிப்படிக்குத் தலையாட்டினாள். டெலிபோனுக்கும் ஆட்டினாள். கடிகாரத்துக்கு, அது ஓடலைங்கறதையும் எழுதணுமா என்றாள், பிறகு சரி என்றாள். பாவாடைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். ஷூவுக்குள் துணி அடைத்ததற்குச் சிரித்தாள். சங்கிலியில் நிறுத்தினாள்.

"அத மட்டும் எடு."

எடுக்க மாட்டேன் என்றேன்.

"ஒரு சங்கிலி கெடந்தா பணக்காரவுகளா? அது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

"நம்மகிட்ட இல்லையே."

"இல்லன்னு எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும். சிஸ்டருக்கும் தெரியும். அங்கன இருக்க மனுசனுக்கும் தெரியணுமாக்கும்? பெத்த பிள்ளை கழுத்துக்கு அடுத்தவ வீட்டுப் பீரோவத் தட்டினேன்னு எழுதி, அடியில நானே கையெழுத்தும் போடணுமாக்கும்?"

அதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சங்கிலியை விட்டுவிடு பிள்ளை, மற்றதெல்லாம் இருந்தால் போதும் என்றார். எவ்வளவு சுலபமான காரியம் பாருங்கள். ஒரே ஒரு வரி. அடித்திருந்தால் அம்மா கையெழுத்துப் போட்டிருப்பாள், ஜீப் போயிருக்கும், நான் ஜூன் மாதம் விடுதிக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் என்னை மாட்டுக் கொட்டத்தில் நிறுத்திப் பட்டனைக் கழற்றச் சொன்னவர், இப்போது ஒரு வரியை விடச் சொல்கிறார் என்பது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒன்றை மறைத்தால் மற்ற வரிகளும் பொய்தான் என்றேன். பன்னிரண்டு வயதில் அதைச் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போது எனக்கே கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

டிரைவர் ஹாரன் அடித்தார். இருவரும் ஒத்துப்போய் சனிக்கிழமைக்குள் தபாலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் ஏறிக்கொண்டார்.

அந்த வாரத்தில் அப்பா இறங்கி வந்தார். அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சொன்னோம். முழுதாகக் கேட்டுக்கொண்டு, "ஆளுக்கொரு தாள்ல எழுதி ரெண்டையும் அனுப்புங்க," என்றார். பிறகு குளித்தார், சாப்பிட்டார், திங்கட்கிழமை விடியலில் ஜீப் ஏறிப் போய்விட்டார். தாள் அலமாரியில் வேதாகமத்தின்மேல் இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா. அம்மா கையெழுத்துப் போடுவாள் என்று நான் காத்திருந்தேன். நான் அந்த வரியை அடிப்பேன் என்று அம்மா காத்திருந்தாள். சனிக்கிழமை வந்தது, போனது. அடுத்த சனிக்கிழமையும் போனது. பேனா காய்ந்துவிட்டது.

இவ்வளவு காலமும் இந்தக் கதையில் நான் அம்மாவைத்தான் குறை சொல்லி வந்தேன். டைரியில் வருடா வருடம் எழுதியும் வைத்திருக்கிறேன். கழுத்தில் ஏதாவது கிடக்கிற மகள் ஒருத்தி அவளுக்கு வேண்டியிருந்தாள். ஒரு வரிகூடப் பொய்யில்லாத பெண்ணாக நான் இருப்பது எனக்கு வேண்டியிருந்தது. அதில் யாரும் தூரிகை வைக்கக் கூடாது என்று நின்றேன். படிப்பு போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் நின்றோம்.

சிஸ்டர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்த உபகாரிக்குத் தேவதானப்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றைக் கொடுத்துவிட்டார். அதில் தவறொன்றும் இல்லை. எனக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. நடந்து போய்ப் படித்தேன். வளர்ந்து ஆளானேன். வாழ்க்கை ஒன்றும் கெட்டுப் போகவில்லை, ஆனால் விடுதி நூலகத்தில் பாதி வாசித்து வைத்த புத்தகம் எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பள்ளி வருடக் கடைசியில் அம்மா விடுதியிலிருந்து என் ட்ரங்குப் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். பஸ்ஸில் கூட்டம். டிரைவருக்குப் பின்னால் பெட்டியை வைத்து அதன்மேல் நான் உட்கார்ந்தேன். அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் தேனியைத் தாண்டியது. பிறகு அவள் குனிந்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஒரு வருசமாச்சும் ஒரு மனுசன், எங்கயோ இருக்கவுக, நாம நல்லா இருக்கோம்னு சந்தோசமா நெனச்சுக்கிட்டு இருந்தாகல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த வாக்கியத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடினேன். உத்தமபாளையம் வரை தேடினேன். கிடைக்கவில்லை, ஆத்திரமும் தீரவில்லை.

நிறுத்தத்தில் இறங்கி, பெட்டியின் இரண்டு பக்கக் காதையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவள் உயரம், நான் குள்ளம். பெட்டி என் பக்கம் சாய்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் சரிந்து வந்து என் முழங்காலில் முட்டியது.

"தூக்கிப் பிடிடி," என்றாள் அம்மா.

"நீ எறக்கிப் பிடி," என்றேன்.

வீடு வரும்வரை அவள் இறக்கவில்லை. நானும் தூக்கவில்லை.